சிலம்பின் ஓரத்தில் நின்றவர்கள்

கண்ணகியின் கதையை அறியாத தமிழர் இலர். கோவலன், மாதவி, பாண்டியன், பொற்கொல்லன் என்னும் பெயர்களைப் பள்ளிச் சிறாரும் பிழையின்றிச் சொல்வர். ஆயினும் அக்கதையின் ஓரத்தில் நின்று, ஒரு வேளை உணவு அளித்தவரும், தங்க இடம் கொடுத்தவரும், கடல் கடந்து மணி கொணர்ந்தவரும் பலர். அவர்களைப் பற்றிய செய்தி ஏட்டிலே குறைவு, ஊரிலே மிகுதி. ஈழநாட்டின் சிற்றூர்கள் அவர்களை எவ்வாறு போற்றி வந்தன என்பது நம் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியாகும்.

கொழும்பின் தென்பகுதியில், வெள்ளவத்தையை அடுத்துள்ள பாமன்கடையை எடுத்துக்கொள்வோம். வன்னியிலிருந்து வந்தவர், யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், சிங்கள அயலார் ஆகிய எல்லோரும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். பத்தினித் தெய்வத்தின் கதையைக் கூறும்படி இந்நால்வரையும் கேட்டால், நான்கு வெவ்வேறு கதைகள் வெளிப்படும். தலைவி ஒருத்தியே, சூழ நிற்போரே வேறுபடுவர்.

முதற்கண் இளங்கோவடிகளை நோக்குவோம். மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் அளித்தவள் மாதரி என்னும் ஆயர்குல முதுமகள். புதுமனையும், சமையலுக்குப் புதுக்கலங்களும், காய்களும், சாலி அரிசியும் தந்து, தன் மகள் ஐயையையும் துணையாக நிறுத்தியவள் அவள். கோவலன் இறுதியாக உண்ட உணவு அவள் கொடுத்த பொருள்களால் ஆக்கப்பட்டதே. அடைக்கலப் பொருளை இழந்த துயரம் தாங்காது அவள் தீயில் வீழ்ந்தாள். இச்செய்தியை அடிகள் நேரிற் காட்டவில்லை. வடநாட்டில் இருந்த சேரன் செங்குட்டுவனிடம் மாடலன் என்னும் அந்தணன் சில வரிகளிற் கூறுவதாக அமைத்துள்ளார். எனினும் அவளை அவர் மறந்துவிடவில்லை. காவியத்தின் கடைசிக் காதையில், வஞ்சியிலே மூன்று சிறுமியர் முற்பிறப்பை உணர்ந்து அழுகின்றனர். அவர்களுள் ஒருத்தி, கோயிற் பணியாளன் ஒருவனின் மகளாகப் பிறந்த மாதரி. மற்ற இருவரும் கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் ஆவர். பெற்ற தாயர் இருவரோடு, சில நாள் இடங்கொடுத்த இடைச்சியையும் ஒரே வரிசையில் நிறுத்தியது அடிகளின் நெஞ்சம்.

அக்காதையிலேயே, பத்தினிக்கு எடுத்த விழாவிற்கு வந்த மன்னருள் கடல்சூழ் இலங்கையின் கயவாகுவும் குறிக்கப்படுகிறான். கஜபாகு மன்னன் பத்தினி வழிபாட்டைக் கொணர்ந்தான் என்று மகாவம்சம் கூறவில்லை. பிற்காலத்து நூலாகிய இராசாவலியவே அவன் பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. வழி எதுவாயினும், தெய்வம் இங்கு வந்து சேர்ந்தது; வந்த இடத்தில் புதிய சுற்றமும் பெற்றது.

முல்லைத்தீவை அடுத்த வற்றாப்பளையில், நந்திக்கடல் ஓரத்தில், அச்சுற்றம் மாடு மேய்க்கும் சிறுவர்களாக அமைந்தது. மதுரையை எரித்த கண்ணகி முதிய பெண்ணின் உருவில் அங்கு வந்தாள் என்பது ஊர் வழக்கு. சிறுவர்கள் அவளுக்கு நிழல் அமைத்தனர், பொங்கிக் கொடுத்தனர். பொழுது சாய்ந்ததும் விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் கூற, விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது, முடியை விலக்கிய சிறுவர்கள் தலையெங்கும் கண்கள் இருக்கக் கண்டு திகைத்தனர், அவள் மறைந்தாள். இன்றும் வைகாசிப் பொங்கலில் உப்புநீரில் விளக்கு எரிக்கப்படுகிறது. இக்கதையில் அரசனும் இல்லை, புலவனும் இல்லை. தெய்வத்தைக் கண்டவர்கள் பெயரறியாச் சிறுவர்களே. மதுரையில் ஓர் இடைச்சி செய்த பணியை இங்கே இடைச்சிறுவர் தொடர்கின்றனர்.

மட்டக்களப்புப் பகுதியிலும் இதே இழை ஓடுகிறது. அங்கே காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. வாய்மொழியிலும் ஏட்டிலும் வாழ்ந்த இந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். சடங்கின் முடிவு குளிர்த்தி எனப்படும். ஊரை எரித்த சினம் ஆறாத தேவியை ஆயர்கள் குளிர்வித்தார்கள் என்பது அங்குள்ள நம்பிக்கை. காவியத்தில் மாதரியால் அணைக்க முடியாத தீயை, அவள் குலத்தார் ஆண்டுதோறும் இங்கே தணிக்கிறார்கள். கொம்பு விளையாட்டிலோ ஊரே கதைக்குள் புகுந்துவிடுகிறது. வடசேரியார் கோவலன் பக்கம், தென்சேரியார் கண்ணகி பக்கம் எனப் பிரிந்து, கோத்த கொம்புகளை ஒன்று முறியும்வரை இழுப்பர். சிங்கள ஊர்களில் அங்கெலிய என வழங்குவதும் இதுவே. அங்கே கோவலனுக்குப் பாலங்க என்று பெயர்.

இனி மீகாமன் கதை. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் இருந்தது என்பது இளங்கோ கூறும் செய்தி. அம்மணி எங்கிருந்து வந்தது என்பதை அவர் கூறவில்லை. அந்த இடைவெளியை வடபுலத்துக் கடலோடிகள் நிரப்பினர். நாகமணி தேடி மீகாமன் கப்பலோட்டி வந்தான்; நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் அவனை மறித்தான்; கடலில் பெரும்போர் மூண்டது என்று அவர்கள் பாடினர். கடற்குடிகளுள் ஒரு சாரார் மீகாமனையும், வேறொரு சாரார் வெடியரசனையும் தம் முன்னோராகக் கொண்டாடினர். நெடுந்தீவின் மேற்குப் பகுதியில் உள்ள இடிபாடுகளை மக்கள் வெடியரசன் கோட்டை என்பர். ஆய்வாளர் அவற்றைப் பௌத்த தூபிகளின் எச்சம் எனக் கருதுவர். கல் யாருடையதாயினும் பெயர் மக்களுடையது. சோழநாட்டு வணிகர் மகளின் காற்சிலம்பில் தம் கடலின் மணி ஒன்றைப் பதித்துவைத்து, அக்கதையில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர்கள் நிறுவிக்கொண்டனர்.

துணைமாந்தர் கதைகள் வெறுங்கற்பனை என்று தள்ளத்தக்கன அல்ல என்பது இதனாற் புலனாகும். வெடியரசன் வாழ்ந்தான் என்பதற்கு அவை சான்றாகா. ஆனால் அக்கதையைச் சொன்ன மக்கள் தம்மை எவ்விடத்தில் வைத்துப் பார்த்தனர் என்பதற்கு அவற்றினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. அரச மரபும் போரும் கல்வெட்டில் இடம் பெறும். மாடு மேய்த்தவனும் தோணி வலித்தவனும் பதிந்துள்ள ஏடு இக்கதைகளே.

அவ்வேடு ஏற்கெனவே பல பக்கங்களை இழந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவத்தை ஆகம நெறிப்படுத்த முயன்றபோது கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார். காலப்போக்கில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி முதலான பெயர்களைப் பெற்றன. பெயர் மாறியபோது தெய்வத்திற்குக் குறைவில்லை. பூசை சிறப்பாகவே நடைபெற்றது. ஆனால் கோவலனார் கதையைப் பாடும் வழக்கம் தளர்ந்த இடங்களில், மீகாமனும் வெடியரசனும் நிற்க இடமின்றிப் போயினர். பின்னர் போர் வந்தது. 2009இல் அதன் இறுதி நாள்களைக் கண்டது நந்திக்கடற் கரையே. மக்கள் இடம்பெயர்ந்தபோது கதை சொல்லும் முதியோரும் திசைக்கொருவராகப் பிரிந்தனர்.

அவர்களுள் சிலர் இன்று கொழும்பு மாடிவீடுகளில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். பாமன்கடையிற் பிறந்த பிள்ளை சிலப்பதிகாரத்தைப் பாடநூலிற் படித்து, தேர்விற் புள்ளியும் பெறும். உப்புநீரில் விளக்கேற்றிய சிறுவர்களை அப்பிள்ளைக்குப் பாடநூல் காட்டாது. அடுத்த அறையில் இருக்கும் பாட்டியே காட்ட வல்லவர். பாலங்கவை அயல்வீட்டுச் சிங்கள முதியவர் காட்டுவார். இதற்குப் பெருஞ்செலவோ நூலகமோ தேவையில்லை. பிள்ளை கேட்கவேண்டும், முதியவர் சொல்லவேண்டும், யாரேனும் ஒருவர் எழுதி வைக்கவேண்டும். இவற்றுள் எழுதுதலைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தாலும், கேட்டலை ஒத்திவைத்தல் ஆகாது.