கடலடிக் கேபிளும் சபராளியின் வீடும்

சென்னையில் காலை ஒன்பதரை மணியாகும்போது ஷார்ஜாவில் எட்டு மணி. சுப்ஹுத் தொழுகையை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாகனத்தில் ஏற்றிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து சென்னை அலுவலகத்தின் வேலையில் அமரும் பெண்கள் இன்று நம் குடும்பங்களில் இருக்கின்றனர். கணவரோடு சேர்ந்து வாழவும் வேண்டும். படித்துப் பெற்ற வேலையை விடவும் மனமில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது இணைய இணைப்பு. கூட்டத்தின் நடுவே குரல் அறுந்து போவது மாதத்தில் நான்கு முறை நடந்தால், வெளிநாட்டிலிருந்து வேலை செய்வது சரிப்படாது என்று நிர்வாகம் சொல்லிவிடும். பிறகு வேலையா, குடும்பமா என்ற பழைய கேள்வி திரும்பவும் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

சபர் என்ற சொல்லோடு பிரிவும் சேர்ந்தே வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய காதர் முகைதீனின் காலம் முதல், 1970களில் வளைகுடாவுக்கு விமானம் ஏறியோர் காலம் வரை, சம்பாதிப்பவர் ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் இருப்பதே வழக்கமாயிற்று. அவ்வழக்கத்தைச் சற்றேனும் மாற்றும் வாய்ப்பு நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. ஆகவே இந்த இணைப்பு எவ்வழியே வருகிறது, ஏன் அறுகிறது, அறுந்தபோது முன்பிருந்தோர் என்ன செய்தனர் என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

1857க்குப் பின் இலண்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே விரைவான செய்தித் தொடர்பு ஆங்கிலேயருக்கு அவசரத் தேவையாயிற்று. 1859, 1860ஆம் ஆண்டுகளில் சூயஸிலிருந்து செங்கடல் வழியாக ஏடன் வரையிலும், அங்கிருந்து கராச்சி வரையிலும் தந்திக் கேபிளை இட்டனர். போதிய தளர்ச்சியின்றி இடப்பட்ட அந்தக் கேபிள், கடலடி மேடுகளுக்கிடையே தொங்கி, சிப்பிகள் படிந்த பாரத்தால் பல இடங்களில் அறுந்தது. பெரும் பொருட்செலவு வீணாயிற்று. செங்கடலில் கேபிள் அறுவது இன்று நேற்று தோன்றிய செய்தியன்று.

அதன்பின் வேறு வழியைத் தேடினர். 1864இல் குவாதரிலிருந்து முசந்தம், புஷஹ்ர் வழியாக ஈராக்கின் ஃபாவ் வரை பாரசீக வளைகுடாவில் கேபிள் இடப்பட்டது. இன்று ஓமானைச் சேர்ந்த முசந்தமில், பாறை மலைகள் சூழ்ந்த கடற்கழியினுள் தந்தித் தீவு என்றே அழைக்கப்படும் சிறு தீவு ஒன்று உண்டு. அங்கே தந்தி நிலையம் அமைத்துப் பணியாளர்களைக் குடியமர்த்தினர். கடும் வெப்பமும் தனிமையும் நிறைந்த அவ்விடம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. ஃபாவ் முதல் ஐரோப்பா வரை செய்தி உஸ்மானிய அரசின் தரைவழிக் கம்பிகளில் கைமாறிக் கைமாறிச் சென்றது. அதனால் பல நாட்கள் தாமதமாயிற்று. சொற்களும் சிதைந்து போயின.

ஒரே வழியை நம்பியதன் குறை அப்போது தெளிவாயிற்று. 1870இல் இரண்டு புதிய வழிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் திறந்தன. ஒன்று, சீமென்ஸ் சகோதரர்கள் அமைத்த தரைவழி. இலண்டனிலிருந்து பிரஷ்யா, ரஷ்யா வழியாகத் தெஹ்ரான் வந்து, அங்கிருந்து வளைகுடாக் கேபிளோடு இணைந்தது. மற்றொன்று சூயஸ், ஏடன், பம்பாய் எனச் சென்ற கடல்வழி. ஒன்று பழுதானால் மற்றொன்றின் வழியே செய்தி சென்றது. தந்தியை நம்பத்தக்கதாக ஆக்கியதில் தடித்த கேபிளுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த இரண்டாம் வழிக்கும் உண்டு.

அதே காலத்தில் நம் கரைக்கும் கேபிள் வந்தது. 1870ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கேபிள் இடப்பட்டு, சிங்கப்பூர் வரை நீண்டது. நம் மரக்காயர்களின் கப்பல்கள் சென்ற அதே வங்கக் கடல்தான். கேபிளின் செம்புக் கம்பிக்குள் நீர் புகாமல் காத்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் மலாய்க் காடுகளில் எடுக்கப்பட்டு, சிங்கப்பூர்ச் சந்தை வழியாக உலகெங்கும் சென்றது. ஆயினும் தந்தி வணிகருக்கும் அரசுக்கும் உரியதாகவே இருந்தது. சொல்லுக்கு இவ்வளவு எனக் காசு வாங்கிய தந்தியில் எளிய குடும்பம் நலம் விசாரிக்க இயலுமா? நம் வீடுகளில் தந்தி வந்தால் மௌத்துச் செய்தியோ என்று உம்மாக்கள் அஞ்சிய காலம் அது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜூலா போன்ற கப்பல்கள் சுமந்து வந்த கடிதமே குடும்பத்தின் இணைப்பாக இருந்தது.

வளைகுடாக் காலத்திலும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. இந்தியாவின் முதல் வணிகச் செயற்கைக்கோள் நிலையம் புனேக்கு அருகே ஆர்வியில் 1971இல் அமைந்தது. அத்தகைய செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை. குரல் அங்குச் சென்று திரும்ப ஏறத்தாழ கால் நொடியாகும். மறுமொழி வருவதற்கும் அதே அளவு. பழைய தொலைபேசி உரையாடல்களில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தியதன் காரணம் இதுவே. கட்டணமோ கையைக் கடித்தது. எனவே வாப்பாவின் குரலை ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மில் பலர்.

1995இல் இந்தியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும், 1999இல் சவூதி அரேபியாவிலும் இணையம் பொதுமக்களுக்குக் கிடைத்தது. கடலடியில் செம்பின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள் 2002இல் இயங்கத் தொடங்கியது. 2005 டிசம்பரில் தொடங்கப்பட்ட சீ-மீ-வீ 4 என்னும் கேபிள் சென்னை, கொழும்பு, மும்பை, புஜைரா, ஜித்தா ஆகிய கரைகளையெல்லாம் தொட்டு ஐரோப்பா சென்றது. இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், சென்னையில் பேசுவது சிங்கப்பூரில் உடனே கேட்கிறது.

வழி மட்டும் பெரிதும் மாறவில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு பெரும் கேபிள்கள் அறுந்தன. இரு நாட்களில் துபாய்க்கு அப்பால் கடலில் மற்றொன்றும் அறுந்தது. அவ்விடத்தில் கைவிடப்பட்ட ஐந்தாறு டன் எடையுள்ள நங்கூரம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில், தாக்குதலுக்குள்ளான கப்பல் ஒன்று நங்கூரத்தை இழுத்தபடி மிதந்ததில் செங்கடலில் மூன்று கேபிள்கள் அறுந்தன என்று கருதப்படுகிறது. 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே ஏற்பட்ட பழுதால் அமீரகத்திலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் இணையம் மந்தமாயிற்று. ஷார்ஜாவிலிருந்து சென்னைக்கு நேர்வழி அரபிக்கடல் ஆயிற்றே என்று நாம் கேட்கலாம். ஆனால் அலுவலகத்தின் கோப்புகள் ஐரோப்பியக் கணினி ஒன்றில் இருக்குமானால், நம் ஒவ்வொரு சொடுக்கும் செங்கடலைக் கடந்தே மீள்கிறது.

ஆகவே 1870இன் பாடம் இன்றும் நமக்குரியது. விலை உயர்ந்த ஒரே இணைப்பைக் காட்டிலும், வேர் வேறான இரண்டு எளிய இணைப்புகள் மேல். வீட்டு இணைப்பு ஒரு நிறுவனத்தினுடையது என்றால், கைப்பேசியின் சிம் மற்றொரு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருப்போரின் தரவு பெரும்பாலும் இந்தியாவுக்கு வந்த பின்னரே இணையத்தை அடைகிறது. வேகம் குறைவாயினும் அவசரத்துக்கு அது தனி வழியாகும். வாடகை வீடு பார்க்கும்போது, கையொப்பமிடுவதற்கு முன், வேலை நேரத்தில் அங்கே சென்று ஒரு காணொளி அழைப்பைச் செய்து பார்த்துவிடுவது நன்று. கோப்புகளின் படியைக் கணினியிலேயே வைத்திருந்தால் இணைப்பில்லாத வேளையிலும் வேலை நிற்காது.

நாட்டின் சட்டமும் இணைப்பின் ஒரு பகுதியே. அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்புகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட செயலிகளே உரியவை. விபிஎன்னைச் சட்டமீறலுக்குப் பயன்படுத்துவது அங்குத் தண்டனைக்குரியது. அலுவலகம் எந்தச் செயலியில் கூட்டம் நடத்துகிறது என்பதைப் பயணத்துக்கு முன்பே பேசி முடிவுசெய்ய வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்காகத் தம் நாட்டிலிருந்து வேலை செய்வோருக்கென 2021இல் அமீரகம் தனி விசாவை அறிவித்தது. நம் நிலைக்கு எந்த அனுமதி வேண்டும் என்பதை விசாரித்தறிவதும் நம் பொறுப்பே.

ஒப்புக்கொண்ட வேலை ஓர் அமானிதம். வலை அறுந்துவிட்டது என்று மேலாளரிடம் சொல்லும்போது அது உண்மையாகவும் இருக்க வேண்டும்; அறுந்தால் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியும் இருக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். வாப்பாவின் குரலை ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், உம்மாவும் வாப்பாவும் ஒரே கூரையின் கீழ் இருக்க வளர்வார்கள் என்றால், அதற்காக இரண்டாவது சிம் ஒன்றை வாங்கி வைப்பது பெரிய செலவன்று. இன்ஷா அல்லாஹ், அடுத்த சபருக்கு முன் அதை நம் பயணப் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம்.