கூண்டு போட்டா மைலேஜ் ஏறுமா?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ எங்க மாமா ஒரு கேள்வி கேட்டார். அவர் கச்சிராயபாளையத்துல இருந்து வெள்ளிமலைக்கு பிக்கப் ஓட்டுறவர். மேல போகும்போது மளிகை, சிமெண்ட், உர மூட்டை. கீழ வரும்போது மரவள்ளி, புளி, கடுக்காய்.

"ஏன் மாப்ள, இன்ஜினியரிங் படிச்சிருக்கியே, பின்னாடி இரும்புக் கூண்டு அடிச்சா மைலேஜ் ஏறுமா குறையுமா? பட்டறைக்காரர் ஏறும்ங்கிறார். ஸ்டாண்டுல கேட்டா குறையும்ங்கிறாங்க."

நான் படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது கோடிங். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஒரு அரியர் வேற. "பாத்துச் சொல்றேன் மாமா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தப் பாத்துச் சொல்றதுதான் இந்த எபிசோட்.

முதல்ல அந்த 'கூண்டு'ங்கிற வார்த்தை. நம்ம பக்கம் மாட்டு வண்டி ரெண்டு விதம். நெல்லு, கரும்பு, எரு எல்லாம் ஏத்துறது திறந்த வண்டி, பார வண்டி. கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குன்னு ஆளுங்க போறது கூண்டு வண்டி. மூங்கிலை வளைச்சுக் கட்டி, மேல பாய் போட்டு, உள்ளே வைக்கோல் பரப்பியிருப்பாங்க. அதாவது மேல கூரை இருந்தா அதுல மனுஷன் போறான்னு அர்த்தம். கூரை இல்லன்னா சரக்கு. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வந்துடலாம். 1925இல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி காருக்குப் பின்னால் ஒரு இரும்புத் தொட்டி வைத்து விற்க ஆரம்பித்தது. தொழிற்சாலையிலேயே செய்து வந்த முதல் பிக்கப் என்று அதைத்தான் சொல்வார்கள். விலை 281 டாலர், வாங்கினவங்க பெரும்பாலும் விவசாயிங்க. பிற்பாடு அங்க ஒரு நம்பிக்கை வளர்ந்துச்சு. காலி வண்டி ஓட்டும்போது பின்கதவைத் திறந்து தொங்க விட்டா காத்து நேரா வெளியே போயிடும், பெட்ரோல் மிச்சம்னு. கேட்டா நியாயமாத்தான் தோணும். ஆனா உண்மை நேர் எதிர்! கதவு மூடியிருந்தா தொட்டிக்குள்ள காத்து ஒரு சுழலா மாட்டிக்கும். கேபின் கூரையைத் தாண்டி வர்ற காத்து அந்தச் சுழல் மேலேயே மெத்தையில வழுக்குற மாதிரி வழுக்கிப் போயிடும். கதவைத் திறந்தா சுழல் கலைஞ்சு போகும், இழுவை கூடும். மித்பஸ்டர்ஸ் நிகழ்ச்சியில இதை ஓட்டியே காட்டினாங்க.

அதே தர்க்கப்படி, தொட்டி மேல தட்டையா ஒரு மூடி போட்டா இழுவை இன்னும் கொஞ்சம் குறையும். கேபின் உயரத்துக்கு முழுக் கூண்டு போட்டா குறையலாம், கூடவும் செய்யலாம். கேபின் கூரையோட சமமா வந்து பின்பக்கம் லேசா சரிஞ்சு முடிஞ்சா நல்லது. கேபினைத் தாண்டி ஒரு அடி மேல எழும்பி நின்னா அது காத்துக்குக் குறுக்கே கட்டின சுவர். நம்ம ஊர் கூண்டு எது? எல்லாருக்கும் தெரியும். உள்ளே குனியாம நிக்கணும்னு கேட்டு அடிக்கிறது. சுவர்தான்.

சரி, எவ்வளவு காசு விஷயம் இது? ஒரு தோராயக் கணக்கு போடுவோம். வண்டியும் சரக்கும் சேர்த்து 3,000 கிலோ. எண்கள் என் கணிப்புதான், உங்க வண்டிக்குக் கொஞ்சம் மாறும். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில 80 கிலோமீட்டர் வேகத்துல போனா காத்து வண்டியைப் பின்னாடி தள்ளுற விசை 440 நியூட்டன் கிட்ட வரும். 40இல் போனா அது 110. வேகம் பாதியானா காத்தோட விசை கால்வாசிதான். நல்ல மூடி போட்டு இழுவையை 10 சதவீதம் குறைச்சா, கள்ளக்குறிச்சியில இருந்து கோயம்பேடு போய்ச் சேர, 250 கிலோமீட்டர்னு வெச்சா, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கீழே டீசல் மிச்சம். தினம் போறவங்களுக்கு அது காசுதான். சுவர் மாதிரி கூண்டுன்னா அதே அளவு நஷ்டம்.

ஆனா எங்க மாமா கோயம்பேடு போறதில்லையே. அவர் போறது மலைக்கு. கொண்டை ஊசி வளைவுல 20, 25க்கு மேல வண்டி ஓடாது. அங்க காத்துக்கு வேலையே இல்ல. 6 சதவீத ஏத்தத்துல அந்த 3,000 கிலோ வண்டியைப் பூமி பின்னாடி இழுக்குற விசை 1,750 நியூட்டனுக்கு மேல! கூண்டோட எடை 100 கிலோன்னா, அதை 600 மீட்டர் உயரம் தூக்க ஆகுற டீசல் சுமார் 50 மில்லி. ஒரு தடவை ஏற அஞ்சு ரூபா. டீ கூட வராது.

ஆக மைலேஜ் கேள்விக்குப் பதில்: மலையில ஏறவும் ஏறாது, சொல்லும்படியா குறையவும் குறையாது. இத்தோட போனைப் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனா கணக்கைத் திரும்பப் பாத்தப்போதான் எனக்குப் புரிஞ்சுது, அவர் கேட்க வேண்டிய கேள்வி வேற.

கொஞ்சம் ஊர்க் கதை. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பிரிவு. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர் என்ற பொருள். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்கள் வசம் இருந்த மலை இது. நாடு 1947இல் சுதந்திரம் அடைந்தது. ஆனால் இந்த ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976இல்! நம்ம அப்பா அம்மா தலைமுறை பள்ளிக்கூடம் போன காலம். அதுக்கப்புறம்தான் அரசாங்கம்னு ஒண்ணு மலைமேல மெல்ல ஏறுது. ரோடு அதைவிட மெல்ல ஏறுது.

ரோடு போன இடத்துக்கு முதல்ல ஜீப் போச்சு. 2005இல் டாடா ஏஸ் வந்தது, நம்ம குட்டி யானை. ரெண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், முக்கால் டன் சரக்கு. சமவெளிச் சந்துகளுக்கு அது வரம். மலைக்கு மூச்சு வாங்கும். மலைக்குன்னு நிலைச்சது பொலிரோ பிக்கப் மாதிரி வண்டிங்க, 1.3 டன், 1.5 டன், 1.7 டன்னு. மரவள்ளி ஆத்தூர், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கினது இந்த மாதிரி வண்டிகள்ல. பஸ் வராத ஊருல ஆளுங்க இறங்கினதும் இதே வண்டிகள்லதான்.

மழை பெய்யுது. கைப்பிள்ளையோட ஒரு அம்மா ஏறணும். தார்ப்பாய் போதுமா? நாலு குழாயை வளைச்சு, தகரம் அடிச்சு, ரெண்டு பக்கமும் பலகை போட்டா நல்லது. அவ்வளவுதான், கூண்டு பிறந்துடுச்சு. காத்துக்காகவோ மைலேஜுக்காகவோ யாரும் அதை அடிக்கல. நான் சொன்னேன்ல, நம்ம மொழியில கூரை இருந்தா ஆள் வண்டி. கூண்டு அடிச்ச மறுநாளே அதைப் பார்த்துக் கை காட்டுவாங்க. டிரைவரும் நிறுத்துவார். நிறுத்தாம போனா அடுத்த வண்டி எப்போன்னு அவருக்கும் தெரியாது.

இப்போ வண்டி எப்படி நிக்கும்னு பாருங்க. ஒரு வண்டி கவிழாம இருக்கறதுக்கு ரொம்ப எளிய அளவுகோல் ஒண்ணு இருக்கு. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல உள்ள அகலத்துல பாதியை, எடை மையத்தோட உயரத்தால வகுக்கணும். அமெரிக்க அரசு 2001 மாடல் வண்டிகள்ல இருந்து இதை வெச்சுத்தான் கவிழும் ஆபத்துக்கு ஸ்டார் கொடுக்க ஆரம்பிச்சுது. எண் பெருசா இருந்தா நல்லது. அகலம் 1.4 மீட்டர், காலி பிக்கப்போட எடை மையம் 70 சென்டிமீட்டர்னா விடை 1. கூண்டு மட்டும் போட்டா 0.92, பரவாயில்ல. 1,300 கிலோ மரவள்ளி மூட்டையைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினா, கூண்டே இல்லாம, 0.80. இப்போ மூட்டைக்குப் பதிலா கூண்டுக்குள்ள 15 பேர். மொத்த எடை மூட்டையைவிட ரொம்பக் கம்மி, 825 கிலோதான். ஆனா 0.70. கூண்டு மேல இன்னும் 5 பேர் ஏறினா 0.62.

மூட்டை எடை கூட, ஆனா கீழே உக்காந்திருக்கும். மனுஷன் எடை கம்மி, ஆனா நிக்கிறான். அதோட மூட்டை நகராது. வளைவுல வண்டி சாயும்போது நாம எல்லாரும் வெளிப்பக்கம் சாய்வோம், அதே நொடியில, அதே பக்கம். பின்கதவுல நாலு பேர் தொத்திக்கிட்டா எடை பின் சக்கரத்துக்கும் பின்னாடி போகுது, முன் சக்கரத்துல பாரம் குறையுது, ஸ்டீயரிங் லேசாகுது. "மேல ஏறும்போது வண்டி சொன்ன பேச்சு கேக்காது"ன்னு மாமா சொல்லுவார். அந்த வாக்கியத்துக்கு நாலு வருஷப் படிப்புல ஒரு சமன்பாடு இருந்துச்சு, எனக்கு அப்போ தெரியல.

இறங்கும்போது இன்னும் மோசம். ஏறும்போது சேர்த்த சக்தி முழுசும் பிரேக்குலயும் இன்ஜின்லயும்தான் கரையணும். நியூட்ரல்ல விட்டு இறங்குறவங்க ஒரு கால் லிட்டர் டீசல் மிச்சம் பிடிக்கிறதா நினைக்கிறாங்க. இத்தனைக்கும் கியர்ல இறங்கினா, ஆக்சிலரேட்டரை விட்டதும் இப்போதைய இன்ஜின்கள் டீசலையே நிறுத்திடும்.

கவிழ்ந்தா என்ன ஆகும்? சட்டத்தோட வரலாறு இங்கதான் உள்ள வருது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்ற விடுவதில்லை. 1994 நவம்பரில் அதன் 147ஆம் பிரிவைத் திருத்தி, சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி வண்டியில் வந்தால் அவருக்குக் காப்பீடு உண்டு என்று சேர்த்தார்கள். மற்றவர்கள் கதி? ஒரு வழக்கில் எல்லோருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. சரக்குக்காரர்கூட கேபினில் உட்கார்ந்து வந்தால்தான் என்று பிறகு இன்னொரு தீர்ப்பு வந்தது.

இதை வெள்ளிமலை ரோட்டுல வெச்சுப் பாருங்க. மரவள்ளி மூட்டையோட கேபின்ல வர்ற விவசாயிக்குக் காப்பீடு உண்டு. அதே வண்டியில, கூண்டுக்குள்ள, ஆஸ்பத்திரிக்குப் போற அவர் மனைவிக்கு இல்ல. நஷ்ட ஈடு வண்டிக்காரர் தலையில விழும். சில வழக்குகள்ல கம்பெனி முதல்ல கொடுத்துட்டு வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கோர்ட் சொல்லியிருக்கு. வசூல் பண்ண அவர்கிட்ட என்ன இருக்கும்? அந்த வண்டிதான், அதுவும் தவணை முடியாத வண்டி.

2019 ஜனவரியில கள்ளக்குறிச்சி தனி மாவட்டம்னு சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. அதே வாரத்துலதான் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாத்தி வண்டியில வேலை செய்யக் கூடாதுன்னு கேரள வழக்கு ஒண்ணுல தீர்ப்பு சொல்லுச்சு. ரெண்டுக்கும் தொடர்பில்ல. ஆனா கூண்டு அடிக்கிறவரோட பக்கத்துல இருந்து பாத்தா, மாவட்டம் கிட்ட வந்த வாரமும் பட்டறை எட்டப் போன வாரமும் ஒண்ணு.

டிரைவர்களைத் திட்டுறது சுலபம். போலீஸ் பிடிச்சு ஃபைன் போடறது நியாயமும்தான், 0.62ன்னா 0.62தான். ஆனா அவங்களை நிறுத்திட்டா அந்த அம்மா எதுல போவாங்க? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களோட அடிப்படை வசதிகளைத் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. ரோடும் அதுல ஒண்ணு. 1976க்கும் 2024க்கும் நடுவுல 48 வருஷம். அந்த 48 வருஷத்து வேலையைப் பாதி பாத்தது பிக்கப் டிரைவர்கள்னு நான் சொன்னா மிகையில்லன்னு நினைக்கிறேன்.

மாமாவுக்குப் போன் பண்ணி மைலேஜ் கணக்கை முதல்ல சொன்னேன், அஞ்சு ரூபா கதையை. சிரிச்சார். அப்புறம் 0.70ஐயும் 0.62ஐயும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"அப்ப கூண்டு வேணாங்கிற."

"உயரமா வேணாம் மாமா. கேபின் மட்டத்துக்குக் கழட்டுற மாதிரி வளைவு, மேல படுதா. சரக்கு நனையாது. யாரும் உள்ள நிக்க முடியாது."

"நிக்க முடியலன்னா குத்த வெச்சு உக்காருவாங்கடா. நீ ஊரை விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு."

கடைசியில வளைவுதான் போட்டார், சாயங்கால மழைக்குப் படுதா. போன வாரம் கூப்பிட்டப்போ கேட்டேன், யாராச்சும் கை காட்டினா என்ன பண்றீங்கன்னு. கேபின்ல ரெண்டு பேரு உக்காரலாம்னார். மூணாவதா ஒருத்தர் வந்தா? அதுக்குள்ள வளைவு வந்துடுச்சு, ஹாரன் அடிக்கணும்னு போனை வெச்சுட்டார்.