அந்தமான் நிக்கோபார் இணையச் செய்தி ஊடகங்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் இணையச் செய்தி ஊடகம் என்பது உள்ளூர் ஏடுகளின் இணையப் பக்கங்களும் முகநூல், யூடியூப், வாட்ஸ்அப் வழியே பரவும் செய்திகளும் சேர்ந்தது. இங்கே கட்சிச் சார்பைவிட நிர்வாகச் சார்பே பெரிய சிக்கல். சட்டமன்றம் இல்லாத இந்த ஒன்றியப் பகுதியில் அதிகாரம் துணைநிலை ஆளுநரின் நிர்வாகத்திடம் இருக்கிறது. மக்களவைக்கு ஒரே ஓர் உறுப்பினர். கேள்வி கேட்கச் சட்டமன்றம் இல்லாததால் அந்தப் பொறுப்பும் பத்திரிகைகள் மேலேயே விழுகிறது.

நிர்வாகமே இங்கு பத்திரிகையும் நடத்துகிறது. 'தி டெய்லி டெலிகிராம்ஸ்' என்ற ஆங்கில நாளேடும் 'த்வீப் சமாச்சார்' என்ற இந்தி நாளேடும் அரசு வெளியீடுகள். 'அந்தமான் ஷீக்கா', 'அந்தமான் கிரானிக்கிள்' போன்றவை தனியாருடையவை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். இவ்வளவு சிறிய சந்தையில், டெண்டர் விளம்பரம் தரும் துறைகளைப் பகைத்துக்கொண்டு ஏடு நடத்துவது எளிதல்ல. எனவே சார்பு பெரும்பாலும் பொய்யாக வெளிப்படுவதில்லை. எழுதாமல் விடுவதிலும், செய்திக்குறிப்பை அப்படியே அச்சேற்றுவதிலும் வெளிப்படுகிறது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. கடலடி ஒளியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த தீவுகளில் இணைய வேகம் கூடியது. கேள்விக்கான இடம் அதே அளவு விரிந்ததாகச் சொல்ல முடியாது.

அவ்வாண்டு ஏப்ரலில் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். கொரோனா நோயாளியிடம் தொலைபேசியில் பேசியதற்காகக் குடும்பங்களை ஏன் வீட்டுத் தனிமையில் வைக்கிறார்கள் என்று பத்திரிகையாளர் ஜுபைர் அகமது ட்விட்டரில் கேட்டார். அவர்மீது இந்தியத் தண்டனைச் சட்டமும் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் பாய்ந்தன. கைதாகி ஜாமீனில் வெளிவந்தார். கல்கத்தா உயர் நீதிமன்றம் பின்னர் அந்த முதல் தகவல் அறிக்கையை ரத்துசெய்தது. ஒரு கேள்விக்குக் கைது என்றால் மற்றவர்கள் எழுதத் தயங்குவது இயல்பே.

இந்தச் சிக்கலுக்கு வேறொரு முகமும் உண்டு. 2012 ஜனவரியில் பிரிட்டனின் 'அப்சர்வர்' இதழ், சுற்றுலாப் பயணிகளுக்காக அந்தமான் பழங்குடியினரான ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளியை வெளியிட்டது. வெளிநாட்டு ஏடு சொன்ன பிறகே அது தேசியச் செய்தியானது. ஜாரவாக்களைக் காட்டும் காணொளிகள் பின்னரும் யூடியூபில் பரவின. 2017இல் அவற்றை நீக்கும்படி தேசியப் பழங்குடியினர் ஆணையம் கோரியது.

மொழியிலும் ஓர் இடைவெளி உண்டு. தீவுவாசிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். வங்காளம், இந்திக்கு அடுத்த இடம். உள்ளூர் நாளிதழ்களோ பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி சார்ந்தவை. தமிழ்நாட்டுச் செய்தித் தளங்களில் அந்தமான் பெரும்பாலும் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் இடமாகவே வருகிறது. மழை தமிழகக் கரையை நோக்கி நகர்ந்ததும் செய்தியும் கூடவே நகர்ந்துவிடுகிறது.