வானமா, காணியா? ஜெயபுரத்து வெயிலில் நிலத்தைப் படமெடுத்தல்

பூநகரிப் பிரதேச செயலர் பிரிவிலுள்ள ஜெயபுரத்தில் நிலத்தைப் படமெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது வெளிச்சத்தைத்தான். மேலே வெள்ளையாய்க் காயும் வானம். கீழே பற்றைக்காட்டின் கரிய நிழல். கண் இரண்டையும் ஒருங்கே பார்த்துவிடும். கமராவால் அது இயலாது. வானம் சரியாக விழுந்தால் காணி இருண்டுவிடும். காணி தெரிந்தால் வானம் வெறும் வெள்ளைத்தாள்.

மிக இருண்ட இடம் முதல் மிகப் பிரகாசமான இடம் வரை கமரா பதியக்கூடிய இடைவெளியை 'டைனமிக் ரேஞ்ச்' என்பார்கள். அதன் அளவு 'ஸ்டொப்'. ஒரு ஸ்டொப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 10 ஸ்டொப் என்றால் 1,024 மடங்கு. இன்றைய பெரிய கமராக்களில் நல்லவை, குறைந்த ஐஎஸ்ஓவில் ஏறத்தாழ 14 ஸ்டொப் வரை பதியும். கைத்தொலைபேசியால் ஒரே படத்தில் அவ்வளவு முடியாது. அதனால் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்துத் தானே சேர்த்துக்கொள்கிறது.

சிக்கல் பழையது. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லு கிரே, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களைச் சேர்த்துப் படங்களை அச்சிட்டார். 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் அன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்த 'சோன் சிஸ்டம்', காட்சியின் எந்தப் பகுதி எவ்வளவு வெளிச்சத்தில் விழவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கச் சொன்னது.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. முற்றாக வெளுத்த இடத்தில் எந்த விபரமும் மிஞ்சாது. இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம். ஆகவே வானம் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து, 'ரோ' கோப்பாக எடுத்து, பின்னர் நிழலை உயர்த்துகிறேன். 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரோவில் 16,384. கைத்தொலைபேசியானால், திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைக்கலாம்.

கமராவின் ஒளிமானி எதையும் நடுச்சாம்பலாகவே எண்ணும். வெண்மணல் மங்கித் தெரிந்தால் ஒரு ஸ்டொப் கூட்ட வேண்டும். அடர்ந்த காடு வெளிறினால் ஒரு ஸ்டொப் குறைக்க வேண்டும். தட்டையான வயல்வெளிக்கு, மேற்பாதி கறுத்த வடிகண்ணாடி உதவும். ஆனால் அடிவானத்துக்கு மேல் நிற்கும் பனையின் தலையும் சேர்ந்து கறுத்துவிடும். அப்போது கமராவை முக்காலியில் வைத்து, வெளிச்சத்தை மாற்றி மூன்று படங்கள் எடுத்துச் சேர்க்கலாம். காற்றில் நெற்கதிர் ஆடினால் சேர்த்த படம் கலங்கும்.

இவற்றைவிட முக்கியமானது, படம் எதற்கு என்ற கேள்வி. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காடேறிப்போன தன் வயலை ஒருவர் படமெடுக்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது செவ்வானம் அல்ல. பற்றைக்குள் மறைந்த வரம்பும் கிணற்றுக்கட்டும். அங்கே வானம் வெளுத்தாலும் பரவாயில்லை, நிழலுக்கு வெளிச்சம் கொடுங்கள். வெயில் சரிந்த பின்போ மேகமூட்டத்திலோ எடுத்தால் இரண்டும் கிடைக்கக்கூடும். ஆதாரமாகக் காட்டும் படத்தில் எதையும் சேர்க்காதீர்கள். மூலக்கோப்பை மாற்றாமல் தனியே வைத்திருங்கள். நல்ல கோணம் தேடிப் பாவனையற்ற பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடமல்ல.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் காப்பாற்ற முடியாத வெளிச்சம் இது. எது அழியக்கூடாது என்பதை முதலில் முடிவெடுத்தால், கமராவை எப்படி அமைப்பது என்பது தானாகத் தெளியும்.