கோர்வை

‘பேச்சின் நூலை இழந்துவிட்டேன்’ என்று மேடையில் ஒருவர் தடுமாறினார். ஆங்கில மரபுத்தொடரை அப்படியே இறக்கியிருக்கிறார். புத்தகம் தொலைந்ததாகத்தான் என் காதில் விழுந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவனுக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறியில் மூன்று நாடா ஓடும். கரை நாடாவை எறியப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இரண்டு ஊடையும் ஒன்றையொன்று பிடித்துத் திரும்பும் அந்த இணைப்புதான் கோர்வை. ஊசியில் நூல் கோப்பதும் பூக் கோப்பதும் இதே வேர். பழைய வடிவம் கோவை. திருக்கோவையார் என்ற பாட்டு நூலின் பெயரில் இருப்பது அதுவே. அலுவலகக் கோப்பும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பூவிலிருந்து பாட்டுக்கு, பாட்டிலிருந்து பேச்சுக்கு வந்த சொல் இது. ‘கோர்வையா சொல்லுடா’ என்பார் என் பாட்டி. மேடையில் தடுமாறியவரும் ‘கோர்வை விட்டுப்போச்சு’ என்றிருக்கலாம்.