வேலைநிறுத்தத்திலிருந்து சதிவழக்குக்கு: நெல்லைச் சீமையில் அரச நிந்தனைக் குற்றச்சாட்டு, 1908–1925

பொருநை மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்தில், அவ்வருவியின் நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் நூற்பாலை ஒன்றை நிறுவினர். அதே நிறுவனத்தாரின் மற்றோர் ஆலையே தூத்துக்குடிக் கோரல் ஆலை. 1908 பிப்ரவரி இறுதியில் அங்குத் தொடங்கிய வேலைநிறுத்தம் கூலி உயர்வையும் ஓய்வையும் கோரியது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றனர். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கிவந்தது.

ஆட்சியாளரை உறுத்தியது இவ்வெற்றியே எனலாம். சுதேசிக் கப்பல் நிறுவனம் முதலாளிக்கு எதிராக முதலாளி நடத்திய போட்டி. ஆலை வேலைநிறுத்தமோ கூலியாளையும் அரசியலுக்குள் கொணர்ந்தது. மார்ச் 9இல் விபின் சந்திர பாலரின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடியதைத் தொடர்ந்து, 12ஆம் நாள் தலைவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தாக்குண்டு எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கலவரம் நிகழ்ந்தபோது வ.உ.சி.யும் சிவாவும் சிறையில் இருந்தனர். ஆகவே அவர்கள்மீது எழுந்த வழக்கு தீவைப்புக்கானதன்று, பேச்சுக்கானது. இந்திய தண்டனைச் சட்டம் 124அ பிரிவின்கீழ் அரச நிந்தனை எனச் சாட்டப்பட்டது. சிவாவுக்கு உணவும் உறைவிடமும் அளித்தமை வ.உ.சி. மீது உடந்தைக் குற்றமாயிற்று. 1908 சூலை 7இல் நீதிபதி பின்ஹே, நிந்தனைக்கு ஒன்றும் உடந்தைக்கு ஒன்றுமாக அவருக்கு இரட்டை ஆயுள் நாடுகடத்தலும், சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். விருந்தோம்பலுக்கு ஓர் ஆயுள் தண்டனை! உயர்நீதிமன்றம் பின்னர் இதனை ஆறாண்டாகக் குறைத்தது. எனினும் தண்டனை தன் வேலையை முடித்துவிட்டது: வழக்கறிஞர் உரிமை பறிபோயிற்று, தலைவரை இழந்த கப்பல் நிறுவனமும் நொடித்தது. ஊரார்மீது தண்டக் காவல் வரியும் விழுந்தது.

1911 சூன் 17இல் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றது உண்மையான வன்முறை. அதனைப் பேச்சோடு ஒப்பிடவியலாது. ஆனால் அரசு பின்னர்ச் செய்தது இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவதே. கொலையிடத்தில் இல்லாத நீலகண்ட பிரம்மச்சாரியும் பிறரும் மன்னருக்கெதிராகப் போர்தொடுக்கச் சதிசெய்தோர் என விசாரிக்கப்பட்டனர். நீலகண்டருக்கு ஏழாண்டு கடுங்காவல் கிடைத்தது. 1918இல் வெளிவந்த ரவுலட் குழுவின் அறிக்கை, விபின் சந்திர பாலரின் 1907ஆம் ஆண்டுச் சென்னைச் சொற்பொழிவுகளில் தொடங்கி, திருநெல்வேலிக் கலவரம் வழியாக, மணியாச்சியில் முடியும் ஒரு வரலாற்றைச் சமைத்தது. அவ்வரலாற்றில் கூலி கோரிய ஆலைத் தொழிலாளிக்கு இடமில்லை. வேலைநிறுத்தம் விலக்கப்பட்டால்தான் பேச்சிலிருந்து துப்பாக்கிக்கு நேர்வழி கிடைக்கும். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இவ்வறிக்கையே அடிப்படை.

வ.வே.சு. ஐயரின் வாழ்வு இக்கோட்டைக் குலைக்கிறது. இலண்டனில் புரட்சியாளரோடு பழகி 1910இல் புதுச்சேரிக்கு வந்த அவர், ஆயுதவழியைக் கைவிட்ட பின்னரே, 'தேசபக்தன்' இதழின் ஆசிரியராக இருந்தபோது அரச நிந்தனைக்காக ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறையில் இருந்தார். துப்பாக்கியைக் கைவிட்ட பின்னும் எழுத்துக்குத் தண்டனை நின்றது. விடுதலைக்குப் பின் அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம், சமபந்திச் சிக்கலால் வேறொரு கடுமையான, நியாயமான எதிர்ப்பைச் சந்தித்தது. 1925 சூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திராவைக் காக்க முயன்று ஐயர் மறைந்தார்.

124அ பிரிவு அவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. 2011–12இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த இடிந்தகரைக் கடற்கரை மக்களில் ஆயிரக்கணக்கானோர்மீது அதே நெல்லை மாவட்டத்தில் அப்பிரிவும், போர்தொடுத்தலுக்கான 121ஆம் பிரிவும் பாய்ந்தன. நிலையம் இயங்கத் தடையில்லை என 2013 மே மாதம் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், போராடியோர்மீதான குற்றவழக்குகளைத் திரும்பப்பெற முயலுமாறும் பணித்தது. 2022 மே 11இல் அதே நீதிமன்றம் 124அ பிரிவின் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு நாட்டின் இறையாண்மைக்கு ஊறு விளைவிக்கும் பேச்சையும் எழுத்தையும் குற்றமாக்குகிறது. பயங்கரவாதச் செயல் அச்சட்டத்தின் 113ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டுள்ளது.