தண்டவாளத்தை விட்டுத் தள்ளிப் போ

ரயில் வந்தால் ஊர் வளரும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் யாருக்காக வளர்ந்தது, யாரை விரட்டிவிட்டு வளர்ந்தது என்ற கேள்வி அந்தப் பாடத்தில் இருக்காது. கென்யாவின் நகுரு நகரத்தின் வரலாறு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது.

1896இல் மொம்பாசா துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷார் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1899இல் நைரோபி, 1900இல் நகுரு, 1901இல் விக்டோரியா ஏரிக்கரை. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 32,000 பேர். அவர்களில் சுமார் 2,500 பேர் அங்கேயே செத்தார்கள்.

பாதை தயார், ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை. போட்ட பணத்தை மீட்க, வெள்ளைக்காரக் குடியேறிகளை வரவழைத்துப் பாதையோர நிலங்களைக் கொடுத்தது காலனி அரசு. அந்த நிலம் ஒன்றும் காலியாகக் கிடக்கவில்லை. ரிஃப்ட் பள்ளத்தாக்கு மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம்.

1904இல் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். மாசாய்கள் ரயில் பாதையை விட்டும், வெள்ளையர் குடியேறப்போகும் நிலத்தை விட்டும் விலகி, இரண்டு ஒதுக்கிடங்களுக்குப் போக வேண்டும் என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. மாசாய் இனம் உள்ளவரை அந்த ஒதுக்கிடங்கள் அவர்களுக்கே என்ற வாக்குறுதியும் இருந்தது. ஏழே ஆண்டுகள். 1911இல் வடக்கு ஒதுக்கிடமான லைக்கிப்பியாவிலிருந்தும் கிளம்பச் சொன்னார்கள். மாசாய்கள் நீதிமன்றம் போனார்கள். 1913இல் வழக்கு தள்ளுபடியானது.

அவர்கள் விரட்டப்பட்ட மண்ணில்தான் நகுரு வளர்ந்தது. சுற்றியிருந்த பண்ணைகளின் விளைச்சல் அங்கே ரயிலேறியது. கடையும் வங்கியும் வந்தன. பண்ணையில் உழைத்த ஆப்பிரிக்கர், 1920களில், கிபாண்டே என்ற அடையாளச் சீட்டை உலோகக் கூட்டில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

1963இல் விடுதலை வந்தது. பெரும்பாலான குடியேறிகள் போனார்கள், ரயிலும் நொடித்தது. ஆனால் பாதையோர நகரங்கள் தேயவில்லை என்று ஜெட்வாப், கெர்பி, மொராடி ஆகிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. சந்தையும் சாலையும் மக்களும் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கே அடுத்த முதலீடும் போகிறது. முதல் அநீதி இப்படித்தான் நிரந்தரமாகிறது.

ஒப்பந்தத்துக்கு நூறாண்டு நிறைந்த 2004இல், மாசாய்கள் லைக்கிப்பியா நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடினார்கள். போலீஸ் அவர்களை விரட்டியது. 2021இல் நகுருவுக்கு மாநகரத் தகுதி கிடைத்தது.

நிலம் இன்னும் திரும்பவில்லை.